ஏலேஸுக்கு ஊர்வாசலில் இடமில்லாமல் போன வருடம்

வாற்கோதுமை அறுப்பு மாதம், வளர்பிறை ஐந்து

மலைச்சரிவின் கிழக்கு அடுக்கு நிலம் அறுத்து முடிந்தது. முதுகு விண்டுபோகும் போல வலிக்கிறது, ஆனால் மனசு குளிர்ந்திருக்கிறது. கதிர் இந்த வருடம் நல்ல கனம். நோவாள் பாடிக்கொண்டே அறுத்தாள். அவளுக்கென்ன, திராட்சைப் பறிப்பு முடிந்ததும் கல்யாணம். என் மகள் யெதாயா வீட்டு மருமகளாகப் போகிறாள். ஊர்வாசலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களில் யெதாயாதான் தலைவர். என் வீட்டுக்காரர் ஏலேஸுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. ஓரத்துக் கல், வெயில் நேராக அடிக்கும் கல். அவருக்கு அது போதும். எனக்கும்.

நேற்று பெரிய பானை விழுந்து உடைந்தது. ஓடுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். அப்பா கோட்டையில் எழுத்தராக இருந்தவர். ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கரி மையும் உடைந்த ஓடும்தான் எனக்கு எப்போதும். ஓடு பெரிதாக இருந்தால் நிறைய எழுதுவேன். சிறியதென்றால் ஒரு வரி.

வளர்பிறை எட்டு

வெள்ளாடு குட்டி போட்டது. இரண்டும் பெண்.

வளர்பிறை பன்னிரண்டு

இஸ்காள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். புருஷன் மகீர் இறந்துபோனதிலிருந்து அவளுக்கு இருப்பது ஒரே ஓர் அடுக்கு நிலமும் அதன் நடுவில் ஒரு குடிசையும்தான். அதற்கு மேல் அடுக்கில்தான் ஊர்ப் பணக்காரர் கேரா, செதுக்கிய கல்லால் புது வீடு கட்டுகிறார்.

"அக்கா, கல்லு நடந்து வந்திருக்கு. எல்லைக்கல்லு. என் அத்திமரத்தைத் தாண்டி, குடிசையையும் தாண்டி, கீழ வந்து உக்காந்திருக்கு."

"கல்லு எப்படிடீ நடக்கும்?"

"கேரா ஐயா வீட்டுக் கல்லுக்குக் கால் இருக்கும் போல."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை. ஏலேஸ் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "குடிசையையும் தாண்டியா?" என்று ஒரே கேள்வி.  அந்தக் கல்லை நட்டபோது மகீரோடு கூட நின்று குழி தோண்டியவர் இவர்தான். அறுப்பு முடிந்ததும் வழக்கு ஊர்வாசலுக்கு வருமாம்.

அறுப்பும் அளப்பும் மாதம், புதுப்பிறைக்கு மறுநாள்

பண்டிகைக்குக் கேரா வீட்டிலிருந்து ஒரு ஜாடி எண்ணெய் வந்தது. வேலைக்காரன் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஐயா குடுத்து விட்டாரு" என்றான். கழுவி எடுத்த ஒலிவ எண்ணெய். ராஜா வீட்டுக்குப் போகிற சரக்கு. தண்ணீர் போலத் தெளிவு. எனக்குக் கை நிற்கவில்லை. மூடியைத் திறந்து, மாவு பிசைந்து, தேன் விட்டுப் பணியாரம் சுட்டுவிட்டேன்.

ஏலேஸ் ஒன்று தின்றார். இன்னொன்றைப் பாதி கடித்தபோது கேட்டார், "எண்ணெய் ஏது?"

சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"மத்த பெரியவங்க வீட்டுக்கும் போச்சா?"

"எல்லா வீட்டுக்கும்தான். ஏங்க, பண்டிகை எண்ணெய்தானே?"

"பண்டிகை போன வருஷமும்தான் வந்துச்சு. எண்ணெய் வந்துச்சா?"

மூடியை எடுத்து ஜாடியை மூடினேன்.

"திருப்பிக் குடுத்துடு மக்லாள்."

"திறந்துட்டேனே!"

"குறைஞ்சத நம்ம எண்ணெய விட்டு ரொப்பு."

ரொப்பினேன். வயிறு எரிய எரிய ரொப்பினேன். அந்தத் தங்கமான எண்ணெயில் எங்கள் கசண்டு எண்ணெய் பச்சையாகச் சுழன்று இறங்கியதைப் பார்க்க முடியவில்லை. பட்டப்பகலில் ஜாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஜாடியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கேராவின் மனைவி வாங்கிக்கொண்டாள். 

மீதிப் பணியாரத்தை என்ன செய்வது என்று அவரைக் கேட்டேன். "சுட்டது சுட்டாச்சு, இஸ்காளுக்குக் குடு" என்றார். நோவாள் சிரித்த சிரிப்பு!

அதே மாதம், வளர்பிறை பத்து

இன்று வழக்கு. குடத்தோடு போய் மதிலோரம் பெண்களோடு நின்றேன்.

கேரா தன் கூலியாட்கள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். கல் என்றைக்கும் அங்கேதான் இருந்தது என்று இருவரும் ஒரே மூச்சில், ஒரே சொற்களில் சத்தியம் செய்தார்கள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பெரியவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். அப்போதுதான் ஏலேஸ் எழுந்தார்.

"அந்தக் கல்ல நட்டது நானும் மகீரும். அத்திமரத்துக்கு மேல நட்டோம். அடியில சுண்ணாம்புக்கல் உடைச்சுப் பரப்பி, அதுமேல நட்டோம். அந்தக் குழி இன்னும் அங்க இருக்கும். கூப்பிடு தூரம்தான். யாராவது ஒருத்தர் எழுந்து வந்து பாருங்க."

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

யெதாயா சிரித்தார். "உனக்கு ஞாபகம் தடுமாறுது சம்பந்தி. வயசாச்சு."

"உன்னைவிடச் சின்னவன் நான்."

"பொண்ணு கல்யாணத்த வச்சுக்கிட்டு எதுக்கு இந்த வேலை?" இது இன்னொருவர். பின்னாலிருந்து ஒரு குரல், யாரென்று தெரியவில்லை: "விதவை வீட்டு அத்திப்பழம் ரொம்ப இனிக்குதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும். குடத்தை எறிந்திருப்பேன், நோவாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிலமும் குடிசையும் கேராவுக்கு என்று தீர்ப்பு. இஸ்காள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏலேஸ் உட்காரவில்லை. "இந்தத் தீர்ப்பு தப்பு" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் அப்படி ஒரு வார்த்தையை இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் பார்த்த பார்வை – பாம்பைப் பார்க்கிற மாதிரி.

மறுநாள்

நேத்து சாயங்காலமே யெதாயா வீட்டு ஆள் வந்துட்டான். சம்பந்தம் வேண்டாமாம். பரிசமாக வந்த பட்டுத்துணியைத் திருப்பிக் கேட்டான்.

நான் கத்திட்டேன். "உங்களுக்கு ஒரு வாய், ஊருக்கெல்லாம் ஒரு வாயா? பேசாம உக்காந்திருந்தா என்ன குறைஞ்சு போகும்? அவங்க தீர்ப்பு எப்படியும் அப்படித்தான் வரப்போகுது, நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும்!" அவர் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டை போடவாவது வரணும் மனுஷன்!

கடைசியில் சொன்னார்: "அந்தக் குழியில மகீர் கையும் இருக்கு மக்லாள். அவன் வந்து சொல்ல முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் போய் இஸ்காளைக் கூட்டிவந்தது நான்தான், அவர் சொல்லி இல்லை. ஒரு பாய், ஒரு சட்டி, ஒரு மண்வெட்டி. அவளுடைய வீடு அவ்வளவுதான். மொட்டைமாடி அறையைப் பெருக்கிக் கொடுத்தேன்.

தேய்பிறை இரண்டு

நோவாள் இன்று சாப்பிட்டாள். போதும்.

திராட்சைக் கவாத்து மாதம், வளர்பிறை நான்கு

ஏலேஸ் வழக்கம்போல வாசலுக்குப் போனார். அவருடைய கல்லில் கேராவின் மருமகன் உட்கார்ந்திருக்கிறானாம். "இங்க இடமில்ல" என்றானாம். இவர் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார். ஒரு தீர்ப்பு கோணலாகப் போனதும், நின்றுகொண்டே "தப்பு" என்றிருக்கிறார். இனிமேல் வாசலுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிணற்றடியில் எனக்கும் பங்கு கிடைத்தது. நான் போனதும் பேச்சு நின்றது. பிறகு ஒருத்தி, "உன் வீட்டுக்காரர் தீர்க்கதரிசி ஆயிட்டாராமே? எங்களுக்கு மழை எப்ப வரும்னு கேட்டுச் சொல்லேன்" என்றாள்.

வீட்டில் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார், "எனக்குக் கனவே வராதே. படுத்தா கட்டைதான். ஆண்டவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. கல்லு இருந்த இடம் தெரியும், அவ்வளவுதான்."

நான் சிரித்துவிட்டேன். பல நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தது.

வளர்பிறை பதினொன்று

வாசல் வேலை இல்லாததால் மனிதர் வீட்டிலேயே இருக்கிறார். கூரைக்குச் சாந்து பூசி, கல்லுருளை உருட்டினார். ஆட்டுப் பட்டியைச் சரிசெய்தார். வெங்காயம் நடவு செய்தார். கல்யாணமானதிலிருந்து இவரை இவ்வளவு நேரம் நான் பகலில் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறார் பார்க்க.

இஸ்காள் சுடும் அப்பம் என் அப்பத்தைவிட மெல்லியது. முதலில் பொறாமையாக இருந்தது. இப்போது மாவை அவளிடம் தள்ளிவிட்டு நான் கீரை ஆய்கிறேன். நோவாளும் அவளும் சேர்ந்தால் பெரியவர்கள் தாடி தடவுவதை நடித்துக்காட்டுவார்கள். இஸ்காள்தான் யெதாயா. அசல்!

தேய்பிறை ஏழு

உண்மையான தீர்க்கதரிசி ஒருவர் ஊருக்கு வந்தார். ஆட்டுத்தோல் போர்வை, வெயிலில் கருகிய முகம். வாசலில் நின்று பெரியவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினாராம். நீங்கள் உட்காரும் கல்லே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்றாராம். சாணியால் அடித்துத் துரத்தியிருக்கிறார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வேறு யார் கதவு திறப்பார்கள்?

குளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பருப்புக் கூழ் ஒரு சட்டி முழுக்க அவரே குடித்தார். ஏலேஸ் நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் சட்டியை வழித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "எனக்கு உன்னைப் பாத்தா பயமா இருக்குய்யா" என்றார்.

"என்னைப் பாத்தா?"

"நான் கத்திட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவேன். நீ கத்தாம சொல்லிட்டு இங்கயே இருக்க."

போகும்போது மீதி அப்பத்தையும் மடியில் கட்டிக்கொண்டார். கோபக்காரர், ஆனால் நல்ல மனிதர்.

கோடைக்கனி மாதம், வளர்பிறை மூன்று

கேராவின் ஆடுகள் எங்கள் திராட்சையில். பழுக்கிற நேரம். யாரோ வேலியைப் பிரித்து விட்டிருக்கிறார்கள். தெற்கு வரிசை முழுக்க மொட்டை.

ஏலேஸ் வாசலுக்கு வெளியே நின்று முறையிட்டார். யெதாயா உள்ளேயிருந்தே சொன்னாராம், "ஆடு எல்லையப் பாத்தா மேயும்?"

நோவாள் கேட்டுவிட்டு, "கேராவுக்கே எல்லை தெரியல, பாவம் அவர் ஆட்டுக்கு எப்படித் தெரியும்" என்றாள்.

சிரித்தோம். பிறகு நான் மட்டும் திராட்சைப் பக்கம் போய் ஒரு பாடு அழுதேன்.

வளர்பிறை பதினான்கு

மீந்த திராட்சை போதும் குடிக்க. விற்க இல்லை, குடிக்க. அத்திப்பழம் காய்கிறது. வீடெல்லாம் வாசனை. கோபம் இருந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. இது சரியா? தெரியவில்லை. வெயில் இறங்கியதும் நாலு பேரும் மாடியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறோம். இந்த ஊரில் எத்தனை வீட்டில் இப்படிப் பயமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள்?

சேகரிப்பு மாதம், வளர்பிறை ஆறு

பெரிய ஓடாகப் பார்த்து எடுத்திருக்கிறேன் இன்று.

ஒலிவ மரத்தடியில் துணி விரித்துக் காய் உதிர்த்துக்கொண்டிருந்தோம். யெதாயா வந்தார். தனியாக, நடந்து. தாடியில் வழக்கமான எண்ணெய்ப் பூச்சு இல்லை. இஸ்காள் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

விஷயம் இதுதான். கேராவின் புது வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் இருப்பது யெதாயாவின் மழைநீர்த் தொட்டி. அது தன் நிலத்தில் இருக்கிறது என்கிறார் கேரா. அதே கூலியாட்கள், அதே சத்தியம். மற்ற பெரியவர்கள் வீட்டுக்கு இந்த முறை எண்ணெய் போகவில்லை, கொழுத்த கன்று போயிருக்கிறது.

"ஏலேஸு, எங்கப்பா அந்தத் தொட்டி வெட்டினப்ப நீயும் கூட நின்ன. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் தடுமாறுதுன்னு சொன்னியே."

யெதாயா தரையைப் பார்த்தார். எனக்கு – உள்ளதை எழுதுகிறேன் – இனித்தது.

"இப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போனாலும், எவ்வளவு குடுத்து வாங்கினன்னு கேக்கறாங்க. உன்ன மட்டும் அப்படிக் கேக்க முடியாது."

நான் நினைத்தேன், இப்போது இவர் நிபந்தனை போடுவார், போடட்டும். திராட்சைக்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கறக்கட்டும். ஏலேஸ் கையிலிருந்த ஒலிவக் காயைத் துணியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"தொட்டி உன்னுதுதான். வந்து சொல்றேன். ஆனா நான் கண்டது ரெண்டு இருக்கு யெதாயா. வாய் திறந்தா ரெண்டையும் சொல்வேன். ஒண்ண மட்டும் எடுத்துக்க முடியாது."

 இஸ்காள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள்

ஊரே வாசலில். ஒலிவக் காலம், செக்குக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

ஏலேஸ் தொட்டியைப் பற்றிச் சொன்னார். உடனே கேரா எழுந்தார். "இந்த ஆள் பேச்சு செல்லாதுன்னு இதே வாசல்ல நீங்கதானே சொன்னீங்க? ஞாபகம் தடுமாறுதுன்னு யெதாயா ஐயா வாயாலயே சொன்னாரே?"

எல்லாரும் யெதாயாவைப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிவிட்டது. இப்போது தலையாட்டினால் தொட்டி போகும். ஆட்டாவிட்டால் அன்றைய தீர்ப்பு போகும். கடைசியில் யெதாயா மெதுவாகச் சொன்னார், "அவனுக்கு ஞாபகம் தடுமாறல. அன்னிக்கு நான் தப்பாச் சொன்னேன்."

மதிலோரம் என் பக்கத்தில் நின்ற இஸ்காள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். "அப்ப அறுப்பு மாசத்துல தடுமாறினது யாருக்கு ஐயா?"

 பிறகு யாரோ ஒருவன் 'க்ளுக்'கென்று சிரித்தான். அது பற்றிக்கொண்டது. அறுப்பு மாதத்தில் சிரித்த அதே வாய்கள், ஆனால் இது வேறு சிரிப்பு. கேராவின் மருமகன் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்தே விட்டான்.

ஏலேஸ் சிரிக்கவில்லை. "அத்திமரத்துக்கு மேல ஒரு குழி இருக்கு. சுண்ணாம்புக்கல் பரப்பினது. கூப்பிடு தூரம்தான்" என்றார். அன்று சொன்ன அதே சொற்கள். அன்று ஒருவரும் எழவில்லை. இன்று செக்குக்காரர்கள் முதலில் கிளம்பினார்கள். பின்னால் கூடை சுமந்த பெண்கள், கிணற்றடிக்காரிகள், எல்லாரும். வேறு வழியில்லாமல் பெரியவர்களும்.

இஸ்காளே தோண்டினாள், தன் மண்வெட்டியால். மேல்மண் போனதும் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் யாரோ, "எங்க வயல் கல்லையும் இதே மாதிரி பாக்கணும்யா" என்றான். "எங்களுதும்" என்றது இன்னொரு குரல். கேராவைத் திரும்பிப் பார்த்தேன். போய்விட்டிருந்தார்.

தொட்டி யெதாயாவுக்கு. நிலமும் குடிசையும் இஸ்காளுக்கு. தீர்ப்பை யெதாயா குழியருகே நின்றே சொன்னார்.

தேய்பிறை ஒன்று

வாசலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஏலேஸ் போனார், ஒன்றும் நடக்காதது போல. எனக்குப் பகலில் வீடு வெறிச்சென்றிருக்கிறது.

கேராவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. எண்ணெய் வாங்கியவர்கள் எல்லாரும் அதே கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையும் எழுதி வைக்கவேண்டும்.

தேய்பிறை ஐந்து

யெதாயா வீட்டிலிருந்து மறுபடி சம்பந்தம் பேச வந்தார்கள், அதே பட்டோடு. நான் நோவாளைப் பார்த்தேன்.

"பட்டு பேசாதும்மா. அவனையே வரச்சொல்லு. அவங்கப்பா சொன்னா நிறுத்தினான், அவங்கப்பா சொன்னா வர்றான். அவனுக்குன்னு வாய் இருக்கான்னு நான் பாக்கணும்."

மதியம் பையன் வந்தான், காது சிவந்துபோய். கோலைக் கையில் கொடுத்து மரத்தடிக்கு அனுப்பினாள். பொழுது சாய்கிறவரை ஒலிவக் காய் உதிர்த்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் பதில் சொல்லவில்லையாம் இவள். சொல்லட்டும் மெதுவாக.

விதைப்பு மாதம், வளர்பிறை இரண்டு

முதல் மழை. இஸ்காள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிசைக்குப் போய்விட்டாள். ஏலேஸ் கல்லைப் பழைய குழியிலேயே நட்டுக் கொடுத்தார்.

காலையில் அவள் விதைப்பதைப் பார்க்கப் போனேன். மண் கறுத்து, மணத்தோடு கிடந்தது. மேலே கேராவின் வீடு பாதிச் சுவரோடு நிற்கிறது. கேரா அங்கே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "மழை நல்லாப் பெய்யுது ஐயா" என்று இஸ்காள் குரல் கொடுத்தாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். இனி வாழ்நாள் முழுக்க இவர்கள் மேலும் கீழுமாக இருந்தாகவேண்டும்.

மடியிலிருந்து அள்ளி அள்ளி வீசிக்கொண்டு போனவள், மேல் ஓரத்துக்கு வந்ததும் குனிந்தாள். ஒரு பிடி விதை கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"விடேன்டீ. நாலு மணி விதை."

"முளைச்சிடும் அக்கா. முளைச்சா, அது யாருதுன்னு அப்புறம் பேச்சு வரும்."

ஈரமண்ணில் விதை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நானும் மண்டியிட்டேன். மறுபடி தூற ஆரம்பித்தது. இருவரும் நனைந்துகொண்டே கடைசி மணி வரைக்கும் பொறுக்கினோம்.